வின்னி என்று ஒருத்தி

ஒரு மனுஷி சொந்த வீட்டிலேயே எத்தனை காலத்துக்குத்தான் பொய்க்காரிப் பட்டம் சுமப்பாள்? நோனிக்கு நூற்று மூன்று வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் சொல்லிவந்தது ஒன்றுதான்: சின்ன வயதில் வீட்டில் வின்னி என்று ஒருத்தி இருந்தாள், தன்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள், அவள் சடையில் அடுப்புப் புகை வாசம் அடிக்கும். "கனவு கண்டிருப்பே" என்று அம்மா வாயை அடைத்தாள். அண்ணன்கள் பேட்டும் ஜானியும் "கோட்டை மேட்டுக் குறளிதான் உன்னைத் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று கேலி பண்ணியே கிழவர்களாகிச் செத்தும் போனார்கள்.

இப்போது நோனியின் இதயம் தளர்ந்துவிட்டது. இனி மருந்துக்கு வேலையில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"நூறைத் தாண்டிட்டேன்னு வருஷா வருஷம் ஜனாதிபதி பதக்கம் அனுப்புறாரு. அதை வச்சு நான் என்ன செய்ய? அவ இருந்தாளா இல்லையா, அது தெரிஞ்சா போதும். நிம்மதியாப் போய்ச் சேருவேன்" என்றாள் மகளிடம்.

மகள் அட்ராக்டாவுக்கே எழுபது வயது. 1926ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கை நூறு வருஷம் பூட்டிவைத்திருந்த அரசாங்கம், அந்த ஏப்ரல் சனிக்கிழமைதான் இணையத்தில் திறந்துவிட்டது. அயர்லாந்து முழுக்க அதிலேயே விழுந்து கிடந்ததால் பக்கம் திறப்பேனா என்றது. இரண்டு முறை தேநீர் போட்டுக் குடித்தாயிற்று. அப்புறம்தான் லிஸ்கீரூ கிராமம் வந்தது, தாமஸ் ருவேன் வீடு வந்தது. நோனியின் அப்பா தன் கையாலேயே நிரப்பிய தாள். போலீஸ்காரர்களே வீடு வீடாக வந்து தாளை வாங்கிப்போன காலம் அது. அவர்களிடம் பொய் எழுத அந்த மனுஷனுக்குத் துணிச்சல் வரவில்லை.

"தாமஸ். அவர் பெண்டாட்டி. பேட்ரிக், ஒன்பது. ஜான், ஏழு. ஹோனோரா, மூணு. அது நீதாம்மா."

"நான்தான்னு எனக்குத் தெரியாதா? கீழே படிடீ!"

அட்ராக்டா கடைசி வரிக்கு இறங்கினாள். "வினிஃப்ரெட் கீடி. வேலைக்காரி. பதிமூணு வயசு. அப்பா இல்லை, அம்மா உயிரோட இருக்காங்க."

நோனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். "பாத்தியா, நான் பைத்தியம் இல்ல. கேட்டுக்கோடா பேட்டு, கேட்டுக்கோடா ஜானி, நான் பைத்தியம் இல்ல!" அழுகை ஓய்ந்ததும் அடுத்த கேள்வி வந்தது. "அப்புறம் எங்க போனா?"

அட்ராக்டா மடிக்கணினியோடு சமையலறைக்குப் போய் இறப்புப் பதிவுகளைத் தேடினாள். அதே வருஷம், ஜூன் மாதம். வினிஃப்ரெட் கீடி, பதிமூன்று வயது. இறந்த இடம், பக்கத்து நகரத்து ஏழைகள் விடுதி. காரணம், தீக்காயம்.

அந்த நேரம் பார்த்து உருளைக்கிழங்கு மூட்டையோடு உள்ளே வந்தான் ஜெரி. பேட்டின் மகன். லிஸ்கீரூ வீட்டிலும் நிலத்திலும் இப்போது இருப்பவன் அவன்தான். அவள் திரையைக் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை.

"அடப்பாவி, உனக்குத் தெரியும்!"

"அப்பா சாகுறப்ப சொன்னாரு." மென்று முழுங்கிப் பேசினான். "பெரியவங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிருந்தாங்களாம். அத்தை கவுன்ல அடுப்புத் தீ பிடிச்சுக்கிச்சு. அந்தப் பொண்ணு தன் பாவாடையால சுத்தி அணைச்சுட்டா. அத்தைக்குக் கையில கொஞ்சம்தான். இவளுக்கு..."

"டாக்டர்?"

"டாக்டர் வந்தா போலீஸ் வரும், விசாரணை வரும், மூணு வயசுக் குழந்தையை வேலைக்காரப் பொண்ணுகிட்ட விட்டுட்டுப் போனியான்னு ஊரே காறித் துப்பும். தாத்தா கழுதை வண்டியில வைக்கோலைப் போட்டு, அவளைப் படுக்க வச்சு, வேலைக்கு எடுத்த அந்த ஏழைகள் விடுதியிலயே கொண்டுபோய் விட்டுட்டாரு. அப்பாதான் பக்கத்துல உக்காந்து போனாராம். வழியெல்லாம், 'பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாளாம். வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அம்மா உயிரோட இருக்கான்னு அந்த மனுஷனே கைப்பட எழுதியிருக்கான் ஜெரி. அந்த அம்மாகிட்ட யாராவது போய்ச் சொன்னீங்களா?"

ஜெரி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்ராக்டாவுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அறைந்து என்ன, அவனா வண்டி ஓட்டினான்?

சாகப்போகிறவளிடம் இதைச் சொல்வதா? உள்ளே போய்ப் படுக்கையில் உட்கார்ந்தாள். "அமெரிக்கா போயிட்டாளாம்மா."

நோனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அமெரிக்கா போனாளா? போயிட்டு ஒரு கிறிஸ்துமஸ் பார்சல்கூட அனுப்பலையா? என்னை முதுகுல சுமந்தவடீ அவ. யாருக்குக் கதை விடுறே?"

நோனி இரவுச்சட்டைக் கையை மேலே தள்ளி, சுருங்கிய தோலில் இன்னும் பளபளத்த பழைய வடுவைத் தடவினாள். கெட்டில் வெந்நீர் கொட்டியது என்று சொல்லி வளர்த்த வடு அது.

"சிவப்புக் கிடாரி" என்றாள் மெதுவாக.

அந்த வீட்டில் அது பழைய வேடிக்கை. தினமும் செபமாலை முடிந்ததும் இறந்தவர்களுக்கு, அமெரிக்கா போனவர்களுக்கு, நோயாளிகளுக்கு என்று பேர் சொல்லி ஆளுக்கொரு அருள்நிறை மரியே செபம் உண்டு; ஒருவர் முதல் பாதி சொன்னால் மற்றவர்கள் மறுபாதியைப் பதிலாகச் சொல்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு, தாமஸ் "ஒரு தனிக் கருத்துக்காக" என்று இன்னொன்று சொல்வார். அது மனதுக்குள் வைத்த வேண்டுதல், எதற்கென்று யாரும் கேட்கக்கூடாது. அப்போது சீக்காய்க் கிடந்த சிவப்புக் கிடாரிக்காகத்தான் என்று நோனியும் ஜானியும் முடிவு கட்டினார்கள். இன்றைக்கும் செபம் முடிக்கும்போது "கிடாரிக்கு ஒண்ணு" என்று அட்ராக்டா சொல்வாள், நோனி சிரிப்பாள்.

"கிடாரியை வித்தப்புறமும் அப்பா அதை விடலடீ. அது கிடாரிக்கு இல்ல, அவளுக்கு. அதுக்கு மட்டும் அம்மா பதில் சொல்லவே மாட்டா. எழுந்துபோய் அடுப்பைக் கிளறுவா. சொல்லு. டாக்டரைக் கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா" என்றாள் அட்ராக்டா. அதற்கு மேல் பூசி மெழுக அவளால் முடியவில்லை. வண்டி, வைக்கோல், 'பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே', எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நோனி அழவில்லை. அதுதான் அட்ராக்டாவுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல் செபமாலை எடுத்தார்கள். ஜெரியும் போகாமல் வாசற்படியில் முழந்தாளிட்டான். செபமாலையின் ஐந்து பத்து மணிகளும் முடிந்தன. பேர்ச் செபங்களில் முதல் பேர் எப்போதும் தாமஸ்தான்.

"தாத்தாவுக்காக. அருள்நிறை மரியே, வாழ்க..." என்று அட்ராக்டா தன் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

மறுபாதியைச் சொல்லவேண்டியவள் நோனி. சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். எழுபது வருஷத்தில் அட்ராக்டா பார்த்திராத மௌனம் அது. ஜெரி மட்டும் முணுமுணுக்கத் தொடங்கினான்.

"வாயை மூடுடா" என்றாள் நோனி.

மற்றப் பேர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் அட்ராக்டா தயங்கினாள். "ஒரு தனிக் கருத்து..."

"பேரைச் சொல்லு."

"வினிஃப்ரெட் கீடிக்காக."

"புனித மரியே, இறைவனின் தாயே" என்று மூச்சு வாங்க வாங்க, மூச்சே நின்றாலும் பரவாயில்லை என்பதுபோல், உரக்கச் சொல்லி முடித்தாள் நோனி. பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவ அம்மாவுக்கும் ஒண்ணு சொல்லு. மகளைத் தேடியிருப்பா. அவ பேரும் அந்தத் தாள்ல இருக்கா பாரு."

அந்தத் தாளில் அவள் பேர் இல்லை.