சப்பென்ற தண்ணீர்

அருணாதேவி அம்மா கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி போகவில்லை. முதல் நாள் மாலை நான் கழுவிவிட்டுப் போன கண்ணாடி அது. ஈரத்தோடு பார்த்தபோது மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. காய்ந்த பிறகு பார்த்தால் மலைக்கு அம்மை போட்டிருந்தது.

அவருடைய கெஸ்ட் ஹவுஸ் செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பின்பக்கம் தியானக் கூடம். அதன் வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, இரண்டு மாடி உயரம். அதன் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கென்றே எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மலையைப் பார்க்க வெளியே வந்து நிமிர்ந்தால் போதாதா என்று எனக்குத் தோன்றும். ஆனால் எனக்குச் சோறு போடுவது அந்தக் கண்ணாடி. அதனால் கேட்டதில்லை.

அம்மா கோபப்படவில்லை. பௌர்ணமிக்கு ஒரு குழு வருகிறது, அன்று சாயங்காலத்துக்குள் கண்ணாடி சுத்தமாக இல்லையென்றால் சென்னைக் கம்பெனி ஒன்றை வருஷத்துக்கே பேசிவிடப் போவதாகச் சொன்னார். தணிந்த குரலில்தான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

நானே அப்படி ஒரு சென்னைக் கம்பெனியில் இருந்தவள்தான். பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி கழுவும் வேலை. ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, மாதத்தில் இரண்டு முறை ஊருக்கு வருவேன். ஒருமுறை வந்தபோது என் மகள் “காப்பி குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வேலையை விட்டேன், சேர்த்து வைத்ததைப் போட்டுக் கம்பமும் பிரஷும் பம்பும் வாங்கினேன், ஊரோடு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் சக்திவேல் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். சாமான்களை ஏற்றிக்கொண்டு போக ஆளும் வண்டியும் வீட்டிலேயே இருந்தன. நிலையான வேலை என்று கிடைத்தது இந்த ஒரு கண்ணாடிச் சுவர்தான். இது போனால் மறுபடியும் ஹாஸ்டல் கட்டில்தான்.

என் கம்பத்தின் நுனியில் பிரஷ் இருக்கும். தண்ணீர் கம்பத்தின் வழியாகவே ஏறிப் பிரஷில் கொட்டும். ஏணி வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். தேய்த்து அலசிவிட்டால் கண்ணாடி தானாகக் காய்ந்துகொள்ளும். தண்ணீர் மட்டும் பச்சைப் பிள்ளை மனசு போலச் சுத்தமாக இருக்க வேண்டும். உப்பு இருந்தால் தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர் போர் தண்ணீரோ குடத்துக்கே வெள்ளையடிக்கும். அது தெரிந்துதான் மஸ்தான் பாயின் பிளாண்டிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிக் கழுவினேன். வீட்டுக்கு வீடு குடிக்கிற தண்ணீர். அதிலேயே புள்ளி விழுந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மஸ்தான் பாயிடமே போய்ச் சொன்னேன். உப்பு பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போய், கடையில் நாலு பேர் நிற்கும்போதே அவருடைய கேனில் விட்டுக் காட்டினேன். என் வாய் எப்போதும் எனக்கு ஒரு அடி முன்னால் போகும். பாய் முகம் சுருங்கிவிட்டது. நிற்பவர்களை அனுப்பிவிட்டு, என்னை உள்ளே கூட்டிப் போய் ஒரு சின்ன வால்வைக் காட்டினார். மெஷினிலிருந்து வருவது சுத்தத் தண்ணீர்தான். அதில் இந்த வால்வு வழியாகக் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலக்கிறார். கலக்காவிட்டால் ஒரு கேன்கூட விற்காதாம்.

“உப்பு கம்மியானா சப்புனு இருக்கும்மா. பாய் தண்ணி செத்த தண்ணின்னு சொல்லிடுவாங்க. என் தண்ணி ருசின்னுதான் அடி அண்ணாமலை வரைக்கும் பேரு.”

எனக்கு வேண்டியது அந்தச் செத்த தண்ணீர்தான் என்றேன். பாய் சிரித்துவிட்டார். நெய்யை எடுத்துவிட்டு மோரைக் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஆனால் மனுஷர் நல்லவர். பிளாண்டை நிறுத்தி, கலக்கும் இடத்துக்கு முன்னாலேயே குழாயை வெட்டி எனக்கென்று ஒரு தனிப் பைப் வைத்துக் கொடுத்தார். மீட்டரை விட்டுப் பார்த்தேன். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“இதுல ஒரு சொட்டுகூட யார் வாயிலயும் படக் கூடாது. கேன் மேல என் பேரு ஒட்டியிருக்கு.”

கண்ணாடிக்கு வாய் ஏது பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பௌர்ணமியன்று போலீஸ் ரோட்டை மூடுவதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். கிரிவலக் கூட்டம் அப்போதே வரத் தொடங்கியிருந்தது. வண்டியை எடுங்கள் எடுங்கள் என்று போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்ததால், கேன்களை எல்லாம் கேட்டுக்கு வெளியே புங்க மர நிழலில் அவசரமாக இறக்கி வைத்தோம். சக்திவேல் வண்டியைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டுவர ஓடினார். நான் பின்பக்கம் போய், கெஸ்ட் ஹவுஸ் போர் தண்ணீரிலேயே பழைய புள்ளிகளை அழுத்தித் தேய்த்தேன். முதலில் இந்தத் தண்ணீரில் தேய்த்துவிட்டு, காய்வதற்குள் சுத்தத் தண்ணீரால் அலசிவிடலாம் என்பது என் கணக்கு. தேய்த்து முடித்துக் கேன் எடுக்க வாசலுக்கு வந்தேன்.

வாசலில் வரிசை நின்றது.

வாட்ச்மேன் முருகையன் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களோடு நின்று ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு, நெற்றியில் புதிதாக இட்ட விபூதி. கேன்கள் காலியாகி மரத்தடியில் சாய்ந்து கிடந்தன. கடைசிக் கேன் அவர் கையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். ஒரு பெண் டம்ளரை வாங்கித் தன் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று முருகையனிடம் அப்புறம்தான் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

“பௌர்ணமில கேட்டாண்ட தண்ணி வச்சா, வேற எதுக்குங்க வைப்பாங்க?”

நானும் இதே ஊரில் பிறந்தவள்தான். அந்த ரோட்டில், அந்த நாளில், வழியோரம் இருக்கும் தண்ணீர் நடக்கிறவர்களுக்குத்தான். அதை எடுக்கக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றியிருக்காது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என் பிழைப்பு என்று மரத்தடியிலேயே உட்கார்ந்தேன். சக்திவேல் வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஆறுதல் சொல்லும் முறை அது.

முருகையன் இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தார். கேனில் இருந்த நம்பரைப் பார்த்து மஸ்தான் பாய்க்கே போன் போட்டு, உங்கள் தண்ணீர் தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்புங்கள், ஜனங்கள் மட்டும் கொஞ்சம் சப்பென்று இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று தகவல் கொடுத்திருக்கிறார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி பாய் வந்தார். கடைசிக் கேனில் இருந்ததை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் கோணிப்போனது.

“இன்னாமா இது? ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுன்னேனே.”

“நானா பாய் ஊத்திக் குடுத்தேன்?” என்றேன். குரல் உடைந்துவிட்டது. எனக்கே பிடிக்கவில்லை.

பாய் என்னை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்தார். எல்லோரிடமும், இது குடிக்கிற தண்ணீர் இல்லை, கழுவுகிற தண்ணீர், சுத்தம்தான், பயப்பட வேண்டாம், நல்ல தண்ணீர் இதோ வருகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. பாய்க்குத்தான் தாங்கவில்லை.

நான் எழுந்து போய், மறுபடி அதே தண்ணீர் வேண்டும், என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பாய் தலையை ஆட்டினார். பௌர்ணமியன்று அவர் ஒரு கேனும் விற்பதில்லை. அன்று ஓடுகிற தண்ணீர் முழுக்கப் பிளாண்ட் வாசலில் அவர் போட்டிருக்கும் பந்தலுக்குத்தான். அது எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அப்படியானால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று திரும்பினேன்.

“விக்க மாட்டேன்னுதானே சொன்னேன்” என்றார் பாய். “கேட்டா குடுப்பேன். இன்னிக்குக் கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொன்னது கிடையாது. நீ இன்னும் கேக்கவே இல்லையே.”

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் அழாத பிள்ளை. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒரு துளி எண்ணெய்கூடச் சும்மா வாங்கியதில்லை. காசு கொடுத்தால் கேள்வி கேட்கலாம், மீட்டர் விட்டுக் காட்டலாம், நாலு பேர் முன்னால் பேசலாம். சும்மா கேட்கும்போது கையைத்தான் நீட்ட முடியும். சக்திவேல் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடுங்க பாய்” என்றேன்.

“போய்ப் புடிச்சிக்கோ. உன் பைப்பு அங்கதான் இருக்கு.”

பிளாண்ட் அதே ரோட்டில், டவுன் பக்கமாக இருக்கிறது. வண்டி போகாது. கண்ணாடி காய்ந்தால் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். முருகையன் கையில் போர் தண்ணீர் ஹோஸைக் கொடுத்து, நாங்கள் வருகிற வரைக்கும் சுவர் காயவே கூடாது, சும்மா பீய்ச்சிக்கொண்டே இருங்கள் என்று நிறுத்தினோம். செய்த புண்ணியத்துக்கு அவருக்கு வெயிலில் நிற்க வேலை கிடைத்தது. சக்திவேல் தோளில் ஒரு கேன், நான் சும்மாடு வைத்துத் தலையில் ஒரு கேன். கூட்டத்தோடு கூட்டமாக, கிரிவலம் போகிறவர்களைப் போலவே நடந்தோம். கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி பிடித்து, மறுபடி நடந்தோம்.

எத்தனையாவது நடையோ, கழுத்து விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தாள். என் தலைக் கேனையே பார்த்துக்கொண்டு வந்தவள் கேட்டாள்.

“இன்னா வேண்டுதலுங்க?”

கண்ணாடி கழுவ என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஊர விட்டுப் போவக் கூடாதுன்னு” என்றேன்.

அவள் எனக்கு முன்னால் போய், வழி விடுங்க, வேண்டுதல் தண்ணி வருது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ஜனம் ஒதுங்கியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையும் கேனைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. அழுதுகொண்டேதான் கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்குள் நுழைந்தேன்.

மேலேயிருந்து கீழே, ஒரு கோடு விடாமல் அலசினேன். கடைசிக் கேனில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் மிச்சம். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காய வேண்டியதுதான்.

மேற்கே செங்கம் பக்கம் வெயில் சாய்ந்தபோது அருணாதேவி அம்மா வந்தார். அந்த நேரத்து வெயில் கண்ணாடியின் மேல் படுத்தபடி வரும். ஒரு புள்ளி இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அம்மா ஒரு மூலையில் குனிந்து, சுவரோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். அப்படியே மெதுவாக நடந்தார். நடுவில் நின்றார். விரலால் ஒரு இடத்தைக் காட்டினார்.

அது உள்பக்கம், உங்கள் கெஸ்ட் யாரோ கை வைத்தது என்று சொன்னேன். உள்ளே போய்த் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு வந்தார். சென்னைக்காரங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். வாசலில் நடந்தது எல்லாம் முருகையன் மூலம் அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். போகும்போது திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த மாசத்துலேர்ந்து முந்தின நாளே வந்து முடிச்சிடு, வினோதினி. பௌர்ணமியன்னிக்குக் கேட்டாண்ட தண்ணி நான் வைக்கிறேன்.”

காலிக் கேன்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு எதிராக நடந்து பாயின் பந்தலுக்குப் போனோம். கண்ணாடி என்ன ஆச்சு என்று பாய் கேட்டார். நல்லா ஆச்சு என்றேன். அவர் டிரம்மில் சொம்பை முக்கி டம்ளரில் ஊற்றி நீட்டினார். காலையிலிருந்து அவ்வளவு தண்ணீர் சுமந்தும் நான் ஒரு வாய் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். தொண்டையில் இறங்கும்போது லேசாக உப்பு தட்டியது. கண்ணாடிக்கு ஆகாத தண்ணீர். எனக்கு ஆகும். இன்னொரு டம்ளர் கேட்டேன்.