கால் எட்டாத சோபா

மாதிரி வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தில் யாராவது வீட்டுக்குப் பொருந்தாமல் போனால், அவரை மட்டும் மாற்றிவிடுவார்கள். திரைச்சீலை வெளுத்தால் மாற்றுவதில்லையா, அந்த மாதிரிதான்.

கோயம்புத்தூருக்கு வெளியே, பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, அப்படி ஒரு வரிசை வீடுகள் இருந்தன. எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பாணி. வளைந்த சன்ஷேடு, பிஸ்தா பச்சைச் சுவர், மொசைக் தரை, அவரை விதை வடிவில் ஒரு டீப்பாய், கால்களை அகட்டி நிற்கும் சோபா, எதிரே வால்வு ரேடியோ. இதே போல வீடு வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "சமையலறை அக்னி மூலையிலதானுங்களே?" என்று மறக்காமல் கேட்டுவிட்டுப் போவார்கள். வெறும் வீட்டைக் காட்டினால் யாருக்கு ஆசை வரும்? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பத்தை வைத்திருந்தார்கள். நடுவீட்டில் சுகந்தி, அவள் புருஷன் தனபால், மகள் இனியா.

மாதம் ஒருமுறை கண்காணிப்பாளர் ராயப்பன் வந்து எல்லாரையும் சோபாவில் உட்காரவைத்துப் பார்ப்பார். பெரியவர்களின் கால் தரையில் பதிய வேண்டும். குழந்தையின் கால் தொங்க வேண்டும். அந்தக் காலத்து வீட்டுக்கு அதுதான் அழகு என்று வரைபடத்திலேயே இருந்தது.

ஒருநாள் காலையில் சோபாவில் உட்கார்ந்திருந்த இனியாவின் கால் கட்டைவிரல் மொசைக்கை உரசியது. சுகந்தி அந்தக் காலைச் சட்டென்று மேலே தூக்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் கால் எட்டிவிட்டதென்று போன மாதம்தான் பையனை மாற்றியிருந்தார்கள். புதுப் பையன் அதே கோடு போட்ட சட்டையில் வந்து இறங்கினான். மறுநாள் அந்த வீட்டு அம்மா, "இன்னொரு தோசை போடட்டா சாமி?" என்று அவனைக் கேட்டது சுவர் தாண்டிச் சுகந்தியின் காதில் விழுந்தது. அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கட்டை வெச்சு ஒசத்திப் போடலாம்" என்றான் தனபால். பின்பக்கம் கிடந்த சாரக்கட்டையை அறுத்துச் சோபாவின் கால்களுக்குக் கீழே கொடுத்தான். இனியாவின் கால் தொங்கியது. ஆனால் டீப்பாய் இப்போது பள்ளத்தில் கிடந்தது. அதையும் உயர்த்தினார்கள். ரேடியோ ஸ்டாண்டு, சாப்பாட்டு மேஜை, கதவுக் கைப்பிடி, சமையல் மேடை என்று ஒன்று மாற்றி ஒன்றாக எல்லாம் மேலே போயின. சுவரும் கூரையும் யாரும் சொல்லாமலே உயர்ந்துகொண்டன. அவையும் வரைபடத்துக்குக் கட்டுப்பட்டவைதானே.

இனியா வளர்ந்தாள். அவர்களும் விடவில்லை. சுகந்தி முக்காலியில் ஏறித் தோசை திருப்பினாள். தனபால் எகிறிக் குதித்து ரேடியோ போட்டான். ஒவ்வொரு முறையும் ராயப்பனின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அவள் ஓடிப்போய் இனியாவைச் சோபாவில் உட்காரவைப்பாள். அவர் பிள்ளையின் கால்களை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகுதான் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

இந்த மாதம் அவர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை.

"பாப்பா சரியா இருக்குது" என்றார். "பெரியவங்களத்தான் காணோம்?"

"நாங்கதானுங்க இருக்கறமே" என்றாள் சுகந்தி.

"ஏறி உக்காருங்க, பாக்கலாம்."

கைப்பிடியைப் பற்றித் தொற்றி ஏறி உட்கார்ந்தார்கள். ராயப்பன் குனிந்து பார்த்தார். "கால் எட்டலியே கண்ணு" என்றார். இதுவரை அவளை அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

"மாத்தீருவீங்களா?" என்றாள் சுகந்தி.

"குழந்தைங்கள எதுக்கு மாத்தறது? கால் நல்லாத் தொங்குது. வீட்டுக்கு அப்பா அம்மா இல்ல, அவ்வளவுதான். நாளைக்கு அனுப்பி வெக்கறேன்." அவர் குழந்தைகள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஆனா கட்டில் ரெண்டுதான் இருக்குது. மூணு பேரு ஆகாது."

சுகந்தி இனியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ராயப்பனின் பார்வை மூவர் மேலும் மெதுவாகப் போய் இனியாவிடம் நின்றது.

தனபால் சோபாவிலிருந்து தொப்பென்று குதித்தான். "நான் ஹாஸ்டலுக்குப் போறனுங்க."

"கெட்டிக்காரப் பையன்" என்றார் ராயப்பன்.

ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு அவன் வாசல் கேட் அருகே நின்று கையாட்டினான். பத்து வருஷம் அவளோடு குடித்தனம் செய்தவன். சுகந்தி ஜன்னலுக்கு எம்பி எம்பிப் பார்த்தாள். அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளை கையில் இருக்கிறாள் என்ற நிம்மதி அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் புது அப்பாவும் புது அம்மாவும் வந்தார்கள். நல்ல உயரம். அப்பா வந்ததும் ரேடியோவைத் திருகினார். அம்மா முக்காலியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு எண்ணெயும் சீப்புமாக வந்து, "வாங்க சாமிகளா, தலை வாரலாம்" என்றாள்.

"பாப்பாவுக்கு நான் வாரறனுங்க" என்றாள் சுகந்தி.

"உனக்குச் சிக்கெடுக்கத் தெரியுமாக்கும்?"

"அக்காவுக்கு மொதல்ல வாருங்க" என்றாள் இனியா. அவளுக்கு அந்த ‘அக்கா’வை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சுகந்தி திரும்பி மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். புது அம்மா சுகந்தியின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராக நிமிர்த்தினாள்.

"வாயைத் தொற பாக்கலாம். முன்பல்லு ஆடறாட்டம் இருக்குதே."

சுகந்தி நாக்கால் தள்ளிப் பார்த்தாள். ஆடத்தான் செய்தது.