கிழிக்காமல் போட்ட தாள்

அழகுமீனாவுக்கு எழிலைப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிங் மெஷின்காரரிலிருந்து டீ கொண்டு வருகிறவர் வரை அந்தப் பிரஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எழிலுக்கு மட்டும்தான் தெரியாது. அழகுமீனாவுக்கு அதில் இன்னும் கொஞ்சம் எரிச்சல்.

நாரணாபுரம் சாலையில் இருக்கும் அந்தப் பிரஸ்ஸில் பதினாறு வருடமாக இங்கிலீஷில் எது அச்சானாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும். புரூஃப் தாளின் மூலையில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவார்கள். முதலாளி அய்யாதுரையே ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். தபால் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள் அவள். பட்டம் தபாலில் வந்த அன்றைக்கு வீட்டில் யாரும் உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்துவிட்டார்கள். பிரஸ்ஸில் அப்படியில்லை. இங்கே அவளுக்கு 'இங்கிலீஷக்கா' என்று பெயர். வீட்டில் கிடைக்காத மரியாதை முழுவதும் அந்த ஒரு பெயரில் இருந்தது.

எழில் பைண்டிங்கில் தாள் மடிக்க வந்தவள். இருபத்திரண்டு வயது, விஸ்வநத்தத்துப் பெண். வந்த மூன்றாம் வாரம், ஒரு நோட்டு அட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இதுல பிக் ரெயின்னு போட்டிருக்காக. பெரிய மளைன்னா ஹெவி ரெயின்னுதானக்கா வரும்?"

பிக் என்றால் பெரிய, ரெயின் என்றால் மழை. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான், போய் வேலையப் பாரு" என்று அழகுமீனா சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் நின்ற அய்யாதுரை அட்டையை வாங்கிப் பார்த்தார். அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். எழில் சொன்னதுதான் சரி. மறு திங்கட்கிழமை அழகுமீனாவின் மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலி வந்தது. எழில் கையில் ஒரு பச்சைப் பேனாவும் வந்தது.

"நீ எங்க படிச்ச?" என்று ஒருநாள் அழகுமீனா கேட்டேவிட்டாள். ஏதாவது கான்வென்ட் என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"ஊர்ப் பள்ளிக்கூடந்தேங்க்கா. இங்கிலீசு பூராம் கொளாய் உருட்டுற தாள்ல பாத்தது."

எழிலின் அம்மா அய்யம்மாள் வீட்டில் உட்கார்ந்து பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். வெடிமருந்து நிரப்புவதெல்லாம் கம்பெனியில். வெறும் காகிதக் குழாய் மட்டும் வீட்டில். பிரஸ்களில் கழிந்த தாளை ஏஜென்ட் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். எழில் பசை தடவிக்கொண்டே அந்தத் துண்டுகளைப் படித்து வளர்ந்திருக்கிறாள்.

"முளு வரி கெடைக்காதுக்கா. ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தைதேன் இருக்கும். எது பக்கத்துல எது உக்காரும்னு கண்ணுக்குப் பளகிருச்சு. மாறி உக்காந்துச்சுன்னா என்னமோ மாதிரி இருக்கும்."

வினைச்சொல், பெயர்ச்சொல், உரிச்சொல் என்று அட்டவணை போட்டு, விருதுநகர் பஸ்ஸில் நின்றபடி மனப்பாடம் செய்து, கண் கெட்டுக் கண்ணாடி போட்டவள் அழகுமீனா. இவளோ பசைக் கையோடு உட்கார்ந்த இடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள். என்ன நியாயம் இது?

ஆனால் எழில் சொன்னது என்னவென்று அவளுக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் வெயில் அடிக்கும், மழை பெய்யும். வெயில் பெய்கிறது என்று ஒருவன் சொன்னால் சிரித்துவிடுவோம், ஏன் தப்பு என்று கேட்டால் முழிப்போம். இங்கிலீஷிலும் அதே கதைதான். தவறை 'மேக்' பண்ண வேண்டும், 'டூ' பண்ணக் கூடாது. கவனத்தை 'பே' பண்ண வேண்டும். டீ 'ஸ்ட்ராங்'காக இருக்கலாம், 'பவர்ஃபுல்'லாக இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் விதி கிடையாது, கூடிப் பழகிய வார்த்தைகள் கூடவே இருக்கும், அவ்வளவுதான். விதியை நம்பியே இத்தனை காலம் ஓட்டியவளுக்கு அந்த 'அவ்வளவுதான்' தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம். புத்தகம் முழுக்க இதே சமாச்சாரம்தான்: எந்த வினையோடு எந்தப் பெயர், எந்தப் பெயருக்கு எந்த அடை. எழுதிய வாத்தியாரின் அவசரமும் பிரஸ்ஸில் அதை டைப் செய்த தருண்குமாரின் அவசரமும் சேர்ந்து பக்கத்துக்குப் பக்கம் பிழை. அய்யாதுரை இருவரையும் கூப்பிட்டார்.

"அழகுமீனா, நீ மொதல்ல பாத்துரு. அடுத்து எழில் பாக்கட்டும். இந்தப் புஸ்தகம் நல்லபடியாப் போயிருச்சுன்னா, இனி கடைசிக் கையெழுத்து எழிலே போட்டுக்கிறட்டும். உனக்கும் வேலை கொறையுமில்ல?"

வேலை குறையுமாம். முதலாளி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அழகுமீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளிடம் இருந்ததே அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழில் கிளம்பும்போது விடைப் பகுதியின் புரூஃபை அழகுமீனாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "பாத்துட்டேங்க்கா. தப்பா இருந்தா திட்டிப்புடாதீக." அழகுமீனா ஏற்கனவே பார்த்து முடித்த பதினாறு பக்கம் அது. அதில் பச்சை மையில் நாற்பத்தொரு திருத்தம் இருந்தது.

ஒரு திருத்தமாவது தப்பாக இருக்காதா என்றுதான் அகராதியை எடுத்தாள். முதல் திருத்தம் சரி. பழக்கதோஷம், கை தானாகச் சிவப்பில் ஒரு டிக் போட்டது. இரண்டாவது சரி. பத்தாவது சரி. கடைசி வரைக்கும் ஒன்றுகூடச் சறுக்கவில்லை. நாற்பத்தொரு டிக் போட்டு முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. நியாயமாகத் திருத்தியவள் மீது கோபப்படுவது அசிங்கம் என்று தெரிந்தும் வந்தது.

எழுந்துபோய் அந்தப் பதினாறு தாளையும் கழிவுத்தாள் சாக்கில் போட்டாள். தருண்குமாரிடம், "எழில் பாத்துட்டா. திருத்தம் ஒண்ணும் இல்லையாம், அப்பிடியே பிளேட்டுக்கு அனுப்பிரு" என்றாள்.

கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் அச்சு வேலை பார்க்கிற யாரும் தாளைக் கிழிக்க மாட்டார்கள். கிழிந்த தாள் குழாய்க்கு ஆகாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பதினாறு வருடமாக அவள் ஒரு தாளையும் கிழித்ததில்லை. அன்றைக்கும் கிழிக்கவில்லை.

புத்தகம் அச்சாகிச் சென்னைக்குப் போனது. பத்தாம் நாள் போன் வந்தது. அய்யாதுரை காதில் வைத்த போனை எடுக்காமல் கால்மணி நேரம் நின்றுகொண்டே கேட்டார். விடைப் பகுதி முழுக்கப் பிழையாம். கடைசியாகப் பார்த்தவள் என்று எழிலைக் கூப்பிட்டார்.

"நான் திருத்திக் குடுத்தேனே மொதலாளி" என்றாள் எழில்.

"எங்க அந்தத் தாளு?"

எழில் அழகுமீனாவைப் பார்த்தாள். அழகுமீனா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியலயே. எங்கன வச்சியோ என்னமோ" என்றாள், குரல் கொஞ்சமும் நடுங்காமல்.

எழில் மறுபடியும் பைண்டிங்குக்குப் போனாள். எதிர் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கையெழுத்து அழகுமீனாவிடமே தங்கியது. நன்றாகத் தூங்கியிருக்க வேண்டியவள், தூங்கவில்லை. புரூஃப் பார்க்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் கண் தடுக்கியது. இது பக்கத்தில் இது உட்காருமா? எதிரே பார்ப்பாள், கேட்க ஆள் இல்லை.

அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழில் வந்தாள். கையில் ஒரு பாலிதீன் பை. மேசைமேல் கவிழ்த்தாள். ஏழெட்டுக் காகிதக் குழாய்கள் உருண்டன. எல்லாவற்றின் மேலும் பச்சை மை. பக்கத்திலேயே சிவப்பு டிக்.

அழகுமீனா சாக்கில் போட்ட தாள்தான்.

"நம்ம பிரஸ் தாளு வந்தா எங்கம்மா கேட்டு வாங்கிரும்க்கா. மக வேலை பாக்குற எடத்துத் தாளாம்" என்றாள் எழில். குரலில் சூடில்லை. சூடு இருந்திருந்தால் அழகுமீனா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். "மொதலாளிகிட்ட காட்டணும்னுதேன் எடுத்து வச்சேன். அதுக்குள்ள எங்கம்மா பாத்துருச்சு. அதுக்கு இங்கிலீசும் தெரியாது ஒண்ணும் தெரியாது. டிக்குன்னா சரின்னு மட்டும் தெரியும். இம்புட்டு டிக்கும் ஒனக்கா, யாரு போட்டதுன்னு கேட்டுச்சு. எங்க இங்கிலீஷக்கா போட்டதுன்னேன். தெரு பூராம் கொண்டுபோய்க் காட்டிருச்சு."

"எங்கம்மாட்ட நான் வேற எதுவும் சொல்லலக்கா" என்று சொல்லிவிட்டு எழில் மடிக்கப் போய்விட்டாள். குழாய்களை எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாடு முடிந்து வந்த அய்யாதுரை மேசையைப் பார்த்தார். "என்னம்மா இது, பட்டாசுக் கொளாய இங்கன பரப்பி வச்சிருக்க?"

தெரியவில்லை என்று சொல்லலாம். அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். அழகுமீனா ஒரு குழாயைக் கையில் எடுத்து, நகத்தால் பசையை நீக்கி, கிழியாமல் மெதுவாகப் பிரித்தாள். 'ஹெவி' என்ற பச்சைச் சொல்லும் அதன் பக்கத்தில் அவள் போட்ட டிக்கும் வெளியே வந்தன.

"எழில் திருத்துன தாளு, மொதலாளி. எல்லாம் சரியாத்தான் திருத்தியிருக்கா. பாத்து டிக் போட்டதும் நான்தான், சாக்குல போட்டதும் நான்தான்."

அய்யாதுரை துண்டை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அழகுமீனா காத்திருக்கவில்லை. நாற்காலி போகும், கையெழுத்து போகும், பெயரும் போகும். அது தெரிந்துதான் சொன்னாள். அந்த நிமிஷமும் அவளுக்கு எழில்மீது பொறாமையாகத்தான் இருந்தது. விஸ்வநத்தத்தில் ஒரு தாய் பசை காயாத குழாயை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அழகுமீனாவின் எம்.ஏ. இன்னும் ரேஷன் கார்டோடு பீரோவில் கிடந்தது.