கையால் கேட்ட கேள்வி

குளிர்பெட்டியின் கண்ணாடியை அய்யாதுரை மறுபடியும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. இருபது ஜோடியாவது இருக்கும். பேச்சுச் சத்தம்தான் இல்லை.

நிமிர்ந்தார். ராஜா அண்ணாமலைபுரத்து அந்தச் சின்ன ஹாலுக்குள் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணுமாக வந்து நின்று, பெட்டிக்குள் கிடந்த அவர் மனைவி ஜெயபாரதியைப் பார்த்துக் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா இவங்கள்லாம்?"

"அம்மா போன் பேசிக் குடுப்பாங்கள்ல, அவங்கப்பா. காது கேக்காதவங்க," என்றாள் மகள் ஷண்முகப்ரியா.

அய்யாதுரைக்குச் சோறு போட்டதே வாய்தான். தி. நகரில் முப்பது வருஷம், "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று கத்திக் கத்தியே ஜவுளிக்கடையை மூன்று மாடியாக்கிய மனுஷன். பெண்டாட்டியின் வேலையோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. காது கேளாதவர் வீடியோவில் கையால் சொல்வதை அவள் போனில் வாயால் சொல்வாள். மறுமுனை பேசுவதைக் கையால் திருப்பிச் சொல்வாள். 'அவர் சொல்றார்' என்று பேசக் கூடாது, 'நான்' என்றே பேச வேண்டும். எந்த அழைப்பைப் பற்றியும் வெளியே மூச்சு விடக் கூடாது. அவளும் விட்டதில்லை. "அடுத்தவன் பேச்சப் பேசறதெல்லாம் ஒரு வேலையா பாரதி?" என்று இவர் கிண்டலடிக்காத நாள் கிடையாது. நாலு சைகையாவது கத்துக்கோங்க என்று அவள் கெஞ்சியபோது, "நமக்குத்தான் வாய் இருக்கே" என்றார். பாவி மனுஷன்!

கடைசி இரண்டு மாதம் அவளுக்குத்தான் குரல் இல்லை. தொண்டையில் புற்று. ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுவதுதான். நேற்றுக் காலை பேனா பிடிக்கவும் தெம்பில்லாமல், அவரைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தாள். ஒரே மாதிரி, மூன்று முறை. தண்ணீர் கொடுத்தார். ஃபேனைக் குறைத்தார். போர்வையை இழுத்துவிட்டார். அவள் லேசாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள். என்ன கேட்டாள் என்றே தெரியாமல் அவளைப் பெசன்ட் நகருக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டும். பதினோரு மணிக்கு வண்டி. அதுதான் விடியவிடிய அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

வந்தவர்களில் ஓர் இளைஞர் செல்போனை நிமிர்த்தி வைத்து அதன் முன் கையசைத்தார். அவர் கை சொன்னதை ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பேசியது.

"வணக்கம் சார். நான் ஹனீஃபா. அடையாறுல டெய்லர் கடை வெச்சிருக்கேன். எனக்குப் பொண்ணு கேட்டதே உங்க வீட்டம்மாதான். பொண்ணோட அப்பா நாலு தடவ திட்டிட்டு போனை வெச்சிட்டாரு. அஞ்சாவது தடவ, 'உங்க மகளைக் கண்கலங்காம வெச்சுக்கறேன் மாமா'ன்னு சொன்னேன். அவங்க வாயாலதான் சொன்னேன். ஒத்துக்கிட்டாரு."

அய்யாதுரை கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்தார். அன்றைக்கும் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து, "தோசையா, சப்பாத்தியா?" என்றுதான் கேட்டிருப்பாள். அடேயப்பா! இந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் கல்யாணம், பிரசவம், வேலை அந்த ஒரு வாய்க்குள் இருந்ததோ. இத்தனையும் நடந்த அறைக்குள் அவர் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஹனீஃபாவிடம் போனார். "அவ கடைசியா இப்படிக் கேட்டா தம்பி," என்று நேற்றுப் பார்த்ததைத் தன் கையால் செய்து காட்டினார். ஹனீஃபாவுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை செய்தார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி அவர் கட்டைவிரலைப் பிடித்து நேராக்கினாள்.

ஹாலில் அத்தனை கைகளும் நின்றன. எல்லோருக்கும் தெரிந்த சைகை போலிருந்தது. ஹனீஃபா போன் பக்கம் திரும்பி, அதை அப்படியே செய்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா? இல்ல, முடிச்சுக்கலாமா?" என்றது ஸ்பீக்கர்.

"என்னம்மா, அதுக்குள்ள வைக்கறேங்கற? அவ என்ன கேட்டான்னு சொல்லிட்டு வையேன்."



"அதான் சார் அவங்க கேட்டது," என்றாள் போனில் இருந்த பெண். "ஒவ்வொரு போன் கால் முடியறப்பவும் நாங்க இதைத்தான் கேப்போம். பதில் வராம நாங்களா வைக்கக் கூடாது. நான் சரண்யா சார். பாரதி மேடம்தான் எனக்கு இந்த வேலையக் கத்துக் குடுத்தாங்க."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. "அப்பா," என்றாள் ஷண்முகப்ரியா.

"இரும்மா." முப்பது வருஷம் ஓயாத வாய் ஒரு வார்த்தைக்குத் திண்டாடியது. "இருக்குன்னு சொல்லும்மா. நெறைய இருக்குன்னு சொல்லு. முடிக்க வேண்டாம்."

சரண்யா திரையில் கையசைத்தாள். ஹனீஃபா பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பெட்டியருகே குனிந்து, ஜெயபாரதியின் முகத்துக்கு நேராகக் கைகளை உயர்த்தி, அதையே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அய்யாதுரை பக்கத்தில் நின்று அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்துத் தன் கைகளை அசைத்தார்.

அந்தப் பெண் மறுபடியும் வந்து அவர் கட்டைவிரலை நேராக்கினாள்.