சத்தம் போடாத மெஷின்

காலை ஒன்பதே கால். ஆபரேஷன் மேஜையில் படுத்ததும் பாண்டியம்மாள் ஃபாயிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மலையில் ஏலக்காய் பறிக்கிறவள். வலது காதில் பல வருடச் சீழ். இப்போது எலும்பை அரிக்கத் தொடங்கியிருந்தது.

"வாய் கோணிப் போயிருமாமே டாக்டரம்மா? ஜீப்புல கூட வர்ற ராக்கு சொல்றா. 'ஒருவாட்டி நல்லா சிரிச்சுட்டுப் போடி, அப்புறம் முடியுமோ என்னமோ'ங்கிறா."

ஃபாயிசா சிரித்தாள். மயக்கம் கொடுக்கும் டாக்டர் அவள்.

"முகத்துக்குப் போற நரம்பு காதுக்குள்ளதான்க்கா ஓடுது. நீங்க தூங்குனதும் கண்ணுக்கிட்டயும் வாய்க்கிட்டயும் சின்ன ஊசி சொருகி, வயர மெஷின்ல மாட்டிருவோம். நரம்புல கருவி பட்டா முகம் துடிக்கும். மெஷின் கத்தும். டாக்டர் கைய எடுத்துருவாரு."

"கத்திருமா?"

"கத்திரும்."

ஆபரேஷன் பாதியில், மயக்கத்திலேயே பாண்டியம்மாள் இருமினாள். தலை அசைந்தது. காது சர்ஜன் யோகராஜ் எலும்பு குடையும் கருவியைச் சட்டென்று தூக்கினார்.

"என்னம்மா தூங்க வைக்கிற? நான் என்ன இளநியா சீவுறேன்?"

நர்சுகள் சிரித்தார்கள். ஃபாயிசாவின் கை, தசையைத் தளர்த்தும் மருந்தை எடுத்து ஏற்றிவிட்டது. உடம்பு அடங்கியது. அது ஏறினால் முகமும் துடிக்காது. நரம்பை அறுத்தாலும் மெஷின் வாய் திறக்காது. நடுவில் அந்த மருந்தைத் தொடக் கூடாது. தொட்டால் உடனே சர்ஜனிடம் சொல்ல வேண்டும்.

அவர் கோபம் ஆறட்டும் என்று பார்த்தாள்.

யோகராஜ் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "சத்தமே காணோம். நரம்பு தள்ளிக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் உள்ள போலாம்."

முகமூடிக்குள் அவள் வாயைத் திறந்தாள். குடையும் சத்தம் எழுந்தது. மருந்தின் வேகம் வெரசாக இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அது இறங்கியபோது காதுக்குப் பின்னால் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மலை மேகத்துக்குள் கிடந்தது. வார்டில் பாண்டியம்மாளின் வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. குடித்த காப்பி மறுபக்கம் வழிய, புருஷன் மொக்கையன் துண்டால் துடைத்துவிட்டான்.

"வீக்கந்தானாம். இறங்கிரும்னு பெரிய டாக்டர் சொன்னாரு. மெஷினே சத்தம் போடலையாம், நரம்புக்கு ஒண்ணும் ஆயிருக்காதாம்."

ஃபாயிசா கண்ணை மூடச் சொன்னாள். இடது கண் மூடியது. வலது கண் மூடாமல் வெள்ளையாக மேலே செருகியது.

பாண்டியம்மாள் குழறிக் குழறிப் பேசினாள்.

"பக்கத்துலயேதான இருந்தீங்க டாக்டரம்மா. கத்தும்னீங்களே, ஏன் கத்தல?"