மூன்று பத்துக்கு அறுந்துபோகும் திரை

பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. படம், பாடம், திருத்தம் மூன்றையும் ஒரே திரையில் விரித்தால் கண் பிதுங்கிவிடும். அதனால் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பை என் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது திரையாக இணைத்துக்கொண்டேன். கம்பி கிடையாது, வைஃபை வழியாகத்தான். கீல் உடைந்த அதன் மூடியை அகராதியின் மேல் சாய்த்து, என் இடது பக்கம் வைத்தேன். அதன் சத்தத்தை முதல் நாளே அடைத்துவிட்டேன்.

இடது பக்கம் பிழை திருத்துபவரின் இடம். லேப்டாப்பும் அவருடையதுதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடித்துவிட்ட சொல் மறுபடி வேண்டுமென்றால் அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். 'இருக்கட்டும், அழிக்காதே' என்று பொருள். நாங்கள் அடித்துத் தள்ளியதையெல்லாம் புள்ளி வைத்து மீட்பதே அவர் பிழைப்பு. மேசையில் காபி கொட்டினாலும் "இருக்கட்டும்மா" என்பார். பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் "இருக்கட்டும்ப்பா" என்பார். அவருக்கு 'இருக்கட்டும் அண்ணன்' என்றே பெயர்.

ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அண்ணி லேப்டாப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ஆபீஸ் பொருள், எடுத்துக்கம்மா. ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துடு. அவரு யாருக்காவது ஏதாவது வாக்கு குடுத்து வச்சிருப்பாரு."

"கண்டிப்பா அண்ணி" என்றேன். நாற்பது நாள் ஆகியும் பார்க்கவில்லை.

அந்த நாற்பது நாளும் மத்தியானம் மூன்று பத்துக்கு இணைப்பு அறுந்தது. ஒரு நாள்கூட முன்பின் இல்லை. அந்தத் திரையில் இருந்த பக்கங்களெல்லாம் சரிந்து என் திரையில் வந்து குவியும். நான் வாய்க்கு வந்தபடி அதைத் திட்டுவேன். லேப்டாப்பில் அவருடைய பழைய முகப்புத் திரையில் ஏதோ ஒரு சின்ன ஜன்னல் திறப்பது தெரியும். அதைப் படிக்காமலே மறுபடி இணைத்து மூடிவிடுவேன்.

"அதுக்குப் பேய் பிடிச்சிருக்குடி" என்றார் பக்கத்து மேசை அக்கா. புத்தக அட்டை வரைபவர். பேச உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். அட்டை அக்கா என்ற பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தும்.

"பேய்க்கு வேற வேலை இல்லையா? என் பொருளடக்கத்தைக் கலைக்கவா வருது?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்து. கம்ப்யூட்டர் பாக்க வந்த மெக்கானிக்கும் அதைத்தானே சொன்னான்."

அன்று ஐந்து மணிக்குள் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். மூன்று பத்துக்கு மறுபடி அறுந்தது. பொறுமை போய்விட்டது. அண்ணிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது; பிறகு என்று தள்ளினேன். லேப்டாப்பை இழுத்து, அமைப்புகளுக்குள் போய், கடைசித் திரைக்கு வந்துவிட்டேன். நடுவில் பெரிய எழுத்தில் 'எல்லாவற்றையும் அழி' என்று இருந்தது.

அதன் அடியில், 'சற்றுப் பொறுங்கள்' என்பதற்காக ஓடும் புள்ளிகள் இடமிருந்து வலமாக ஓடின. ஓடிக்கொண்டே வந்தவை நின்றன. ஐந்து புள்ளிகள், 'அழி' என்ற சொல்லுக்கு நேர் கீழே, ஒரே இடைவெளியில். மின்விசிறி சுற்றியது, அக்காவின் விசைகள் தடதடத்தன. அந்தப் புள்ளிகள் மட்டும் அசையவில்லை.

என் விரல் தானாகப் பின்வாங்கியது. "ஆண்டவனே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அந்தத் திரையை மூடினேன்.

அடியில் அந்தச் சின்ன ஜன்னல் இருந்தது. போன் பேசுகிற செயலி. ஒரே ஒரு பெயர்: 'ராங் நம்பர்'. அதன் கீழே பட்டியல். நேற்று மூன்று பத்து. முந்தாநாள் மூன்று பத்து. இன்று, மூன்று பத்து: பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

சத்தத்தைத் திறந்தேன்.

"…இன்னிக்கும் வாய்க்குப் பூட்டா?" ஒரு வயதான பெண் குரல். "சரி, பேசாட்டி போங்க. நான் பேசறேன். முதுகு வலி பரவாயில்ல. ஜன்னல்ல அந்த ஒத்தைப் புறா வந்துச்சு."

"அம்மா…" என்றேன்.

"அட, திட்டுற பொண்ணா?" குரல் சிரித்தது. "தினமும் கேக்கறேனே, 'சனியனே, இப்பத்தான் அறுந்து தொலையணுமா'ன்னு. எனக்கு ஒரே சிரிப்பு. அவரு எங்க போனாரும்மா? மூணு வருஷம் முன்னாடி தப்பா நம்பரைப் போட்டாரு. படுக்கையிலயே கிடக்கேன், ரெண்டு வார்த்தை பேசிட்டு வைங்கன்னேன். அன்னிலேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் போய்விட்டதை மெல்லச் சொன்னேன். எத்தனை நாளாயிற்று என்றும் சொன்னேன்.

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"அப்ப இத்தனை நாளா எனக்குப் போன் பண்ணினது யாரும்மா?"

அட்டை அக்காவைப் பார்த்தேன். அவர் கை வாயின் மேல் இருந்தது. நான் சத்தத்தை அடைத்துவைத்த லேப்டாப்பிடம் அந்த அம்மா நாற்பது நாள் பேசியிருக்கிறார் என்பதுதான் முதலில் உறைத்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நாளைக்கு நான் பண்றேம்மா" என்றேன். "என் போன்லேர்ந்து."

"உனக்கு வேலை இருக்குமே, தாயி."

"வேலை கிடக்கட்டும்."

"நீ 'கிடக்கட்டும்'ங்கறே. பக்கத்துல அவரு 'இருக்கட்டும்'ங்கறாரு. நல்லாத்தான் இருக்கு."

நான் இடது பக்கம் திரும்பவில்லை.

புத்தகம் ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாலை அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் மூன்று எட்டுக்கே கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தேன். மூன்று ஒன்பது. மூன்று பத்து. மூன்று பதினொன்று.

இணைப்பு அறுபடவில்லை. அதன் பிறகு ஒரு நாளும் அறுபடவில்லை.

நான் எண்ணை அழுத்தினேன்.

"ஒரு நிமிஷம் லேட்டு" என்றது குரல்.