மலையேறும்வரை அடி

‘ஈயக்குட்டை’ என்ற ஃபங்க் இசைக்குழு ஈப்போவில் கிளம்பி இன்று பினாங்கு வரை ஆட்களை ஆடவைக்கிறது என்றால், அதற்குக் கௌசிகாவின் குரல்தான் காரணம் என்பார்கள். உறுமி அடிக்கும் தனேஸ்வரனைக் கேட்டுப் பாருங்கள், இருளாயி பெரியம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவான்.

கௌசிகா யாழ்ப்பாண வம்சம். அப்பா அரசாங்க உத்தியோகம், வீட்டில் தேவாரம். அவள் மைக்கைப் பிடித்தால் சோறு பரிமாறுகிறவர்கூட கரண்டியோடு நின்றுவிடுவார். தனேஸ்வரன் ரப்பர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து குனோங் ராபாட்டுக்கு வந்த குடும்பம். பகலில் டயர் கடை, தைப்பூசம் வந்தால் உறுமி. கித்தார்காரன் ரதீசனுக்கு மட்டும் அந்த உறுமி ஆகவே ஆகாது.

“ஃபங்க்குக்கு டிரம்ஸ் போதும் மச்சான். இது கோயில் சாமான் லா.”

சிம்பாங் பூலாயில் ஒரு கல்யாண டின்னர். லூமுட் கடற்கரை விழாவை நடத்தும் யுகேந்திரன் இவர்களைக் கேட்க அங்கே வருவதாக இருந்தது. அன்றைக்கு உறுமி சொதப்பினால் தனேஸ்வரன் குழுவை விட்டு விலக வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அவனும் தலையாட்டினான். வேறென்ன செய்வான் பாவம், அவனுக்கு அந்தக் குழுதான் உலகம்.

சொதப்பத்தான் செய்தது. கௌசிகா குரலை ஏற்ற ஏற்ற இவன் கையும் ஏறியது. தன்னை மறந்து, முனியாண்டிக்கு அடிக்கிற அடிக்குத் தாவிவிட்டான். கல்யாணப் பெண்ணின் பெரியம்மா இருளாயி, கோழிப் பொரியலைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது. நாற்காலி சாய, ஆட ஆரம்பித்துவிட்டாள்.

“நிறுத்துடா!” என்று ரதீசன் கத்தினான்.

தனேஸ்வரன் நிறுத்தவில்லை. சாமியை அழைத்த மேளமே அதை மலையேற்றியும் அனுப்ப வேண்டும். பாதியில் விட்டால் ஆடுகிறவருக்கு ஆகாது. இதை இந்த மண்டபத்தில் யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

கௌசிகா அவன் முகத்தைப் பார்த்தாள். “நான் என்ன செய்யணும் தனேஸ்?” என்று மைக்கிலேயே கேட்டாள்.

“அடிய நிறுத்தக்கூடாது. நீ போய் என்ன வேணும்னு கேளு.”

அவள் மேடையிலிருந்து இறங்கி, பளபளக்கும் உடுப்போடு தரையில் மண்டியிட்டாள். “என்ன வேணும் சாமி?”

“சுருட்டு!”

ஒரு மாமா சிகரெட்டோடு ஓடிவந்தார். சாமி அதையும் பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டது. தனேஸ்வரன் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தான். அந்தத் தாளத்துக்கே கௌசிகா தாழ்ந்த குரலில் பாடினாள். பாட்டு முடியும்போது இருளாயி நாற்காலியில் உட்கார்ந்து ரோஸ் சிராப் குடித்துக்கொண்டிருந்தாள். மண்டபம் எழுந்து கைதட்டியது. கௌசிகாவுக்குக் கோயிலே கட்டலாம் போலிருந்தது தனேஸ்வரனுக்கு.

யுகேந்திரன் மேடைக்கே வந்துவிட்டார். “லூமுட்டுக்கு இந்த உறுமியோட வாங்க. அது இல்லாம வேணாம்.”

ரதீசன் குனிந்து கித்தார் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

லூமுட் போவதற்கு முன்னால் மூவரும் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு இருளாயி வீட்டுக்குப் போனார்கள். தனேஸ்வரன் சடாரென்று அவள் காலில் விழுந்தான். நன்றியில் கண் கலங்கியது.

“எந்திரி தம்பி. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பாட்டு அருமைன்னு ஊரே சொல்லுது, நான் மட்டுந்தான் கேக்கல. இப்ப அடி லா, கேக்குறேன்.”

ரதீசன் எழுந்து காருக்குப் போனான். உறுமியைத் தூக்கி வந்து, இரண்டு கையாலும் தனேஸ்வரனிடம் நீட்டினான்.

இருளாயி கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். “பாத்து அடி தம்பி, அடுப்புல கறி கெடக்கு.”